ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் படுத்துகிறதா? எப்போது விழுகிறது என்று முதலில் பாருங்கள்

ஓவர்கிளாக் செய்த, அதாவது பிராசசரையோ ரேமையோ கம்பெனி சொன்னதைவிட வேகமாக ஓடவைத்த கம்ப்யூட்டர் தடுமாறுகிறது என்று யாரிடம் கேட்டாலும் "வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும். சில நேரம் அது வேலையும் செய்யும். ஆனால் கோளாறு ரேமில் இருந்தாலோ எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) இருந்தாலோ, இல்லை சூடுதான் பிரச்சினை என்றாலோ, வோல்டேஜை ஏற்றினால் இருக்கிற சூடு இன்னும் ஏறும், உண்மையான காரணம் இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) போய் எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைக் கவனித்து வையுங்கள்: கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் விழுகிறது (அணைவதோ, உறைவதோ, ரீஸ்டார்ட் ஆவதோ), எப்படி விழுகிறது. முழு பாரத்தில் விழுவதும், சும்மா இருக்கும்போது விழுவதும் வேறு வேறு வியாதிகள். மருந்தும் வேறு.

கையில் ஒரு உதாரணம் இருந்தால் பேச வசதியாக இருக்கும். 2020 நவம்பரில் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 6 கோர், 12 த்ரெட், 3.7 ஜிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், 4.6 பூஸ்ட் (தேவைப்படும்போது தாவும் உச்ச வேகம்). இன்னும் நிறையப் பேர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர் இது, தவிர இன்றைய ஓவர்கிளாக்கிங்கில் வரும் வினோதமான கோளாறுகள் எல்லாம் இதில் அழகாகத் தெரியும். இன்டெல்காரர்களுக்கு வேண்டியதை நடுநடுவே சொல்கிறேன்.

விழும் விதம்

கம்ப்யூட்டர் மொத்தமாக அணைந்து, ஃபேன் நின்று, லைட் எல்லாம் போய்விடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது, இல்லை சூடு எல்லை தாண்டியிருக்கிறது. வோல்டேஜ் போதாத பிராசசர் பொதுவாக இப்படிச் சாகாது. 8 பின் பிராசசர் பவர் கேபிள் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் எத்தனை வருஷம் பழையது, கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுக்கும்போதுதான் அணைகிறதா என்று பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் கம்ப்யூட்டராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் அணைந்தால், பாவம், ஓவர்கிளாக் மேல் தப்பே இல்லை.

அணையாமல், ப்ளூ ஸ்கிரீனும் காட்டாமல், திரை கறுப்பாகி சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அது ரைசனில் பிராசசர் தன் தவறைத் தானே கண்டுபிடித்து நிறுத்திக்கொள்ளும் வழக்கமான விதம். படம் உறைந்துபோய், சத்தம் மட்டும் 'ட்ர்ர்ர்' என்று ஒரே துண்டில் சுற்றிக்கொண்டிருந்தால் கோர் வோல்டேஜ் ரொம்பக் குறைவு, அல்லது ரேமையும் கோர்களையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் சொன்ன வேகத்தில் ஓட முடியாமல் திணறுகிறது. கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். விளிம்பில் நிற்கும் ஓவர்கிளாக்கும் அப்படிச் செய்யும், மோசமாக எழுதப்பட்ட கேமும் அப்படிச் செய்யும்.

ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அதன் பெயரை போனில் படம் பிடித்து வையுங்கள். 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்று வந்தால் ஏதோ ஒரு கோர் பதில் சொல்லாமல் போயிருக்கிறது, வோல்டேஜ் குறைவு என்று சந்தேகப்பட நல்ல காரணம். 'வீயா அன்கரெக்டபிள் எரர்' என்பது வன்பொருள் தவறு, பெரும்பாலும் பிராசசர் பக்கம். 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்' வகையறா அடிக்கடி மாறி மாறி வந்தால் முதலில் ரேமைப் பாருங்கள். இதெல்லாம் குறிப்புகள்தான், தீர்ப்பு இல்லை. ஒரே கோளாறு இன்று ஒரு பெயரிலும் நாளை வேறு பெயரிலும் வருவதுண்டு.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்

யாருக்கும் பிடிக்காத வேலை இது. ஆனால் இதைச் செய்யாமல் மீதியைச் செய்வதில் அர்த்தமே இல்லை. இப்போதைய பயாஸ் செட்டிங் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிட்டு, 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுத்து, சுத்தமான ஸ்டாக் நிலையில் ஒன்றிரண்டு நாள் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். ஸ்டாக் என்றால் எதையும் மாற்றாத கம்பெனி நிலை, ரேமை டப்பாவில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியும் இல்லாமல். "எக்ஸ்எம்பி ஓவர்கிளாக் இல்லையே" என்று நினைப்பவர்கள் நிறைய. டப்பாவில் 3600 என்று அச்சடித்திருந்தாலும், 5600எக்ஸுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் எல்லை டிடிஆர்4-3200தான். அதற்கு மேல் போவது பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரை ஓவர்கிளாக் செய்வதுதான். நான்கு ஸ்லாட்டிலும் ரேம் போட்டிருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

ஸ்டாக்கிலும் விழுகிறது என்றால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஐ9-13900கே, 14900கே மாதிரியானவை வைத்திருப்பவர்கள், இங்கே நிதானமாக இருக்க வேண்டும். ஸ்டாக்கிலேயே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, காலப்போக்கில் சிப்பே கெட்டுப்போகும் பிரச்சினை அவற்றில் இருப்பதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 129 என்ற எண்ணில் முடியும் மைக்ரோகோடை (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசசர் திருத்தம்) வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. பெரிய கேம் திறக்கும்போது கிராபிக்ஸ் கார்டில் இடம் இருந்தும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வருவது அதன் பிரபலமான அறிகுறி. பயாஸ் அப்டேட் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அப்படிப்பட்ட சிப்பை வைத்துக்கொண்டு வோல்டேஜ் தேடி அலைவது வீண். வாரன்டிக்கு அனுப்புங்கள்.

ஸ்டாக்கில் நன்றாக ஓடுகிறதா, சரி. இப்போது எக்ஸ்எம்பியை மட்டும் போடுங்கள், பிராசசரைத் தொடாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு பாஸும் முடியும்வரை இரவில் ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த செட்டிங் தேறவில்லை என்றுதான் கணக்கு. 3600இல் எரர் வந்தால் ஃபேப்ரிக் வேகம் அதில் சரிபாதி, அதாவது 1800 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் எரர் வந்தால் 3466, 3200 என்று இறக்குங்கள். 3600க்கும் 3200க்கும் இடையில் நீங்கள் உணரும் வித்தியாசத்தைவிட, ரேம் எரரோடு பிராசசரை டியூன் செய்ய உட்கார்ந்து போகும் வார இறுதிகள் அதிகம்.

ரேம் தேறிய பிறகுதான் பிராசசர். இரண்டையும் ஒன்றாக ஏற்றிவிட்டு, விழுந்ததும் எது விழுந்தது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் சிவப்புக் குறியோடு 'கெர்னல்-பவர் 41' வரிசையாக நிற்கும். பலர் அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று கடைக்கு ஓடுகிறார்கள். 41 சொல்வதெல்லாம் 'கடைசியாக ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்பது மட்டும்தான், காரணம் எதையும் சொல்லாது. நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 வரும்.

நமக்கு வேண்டியது 'வீயா-லாகர்' என்ற மூலத்திலிருந்து வரும் பதிவு. எண் 18 என்றால் திருத்த முடியாத தவறு, 19 என்றால் திருத்திக்கொண்ட தவறு. 18ஐத் திறந்தால் 'கேஷ் ஹைரார்க்கி எரர்' என்று ஒரு வரியும், அதற்குக் கீழே 'பிராசசர் ஏபிக் ஐடி' என்று ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் தங்கம். 5600எக்ஸில் ஒவ்வொரு கோருக்கும் இரண்டு த்ரெட் என்பதால் 0, 1 என்பவை கோர் 0, 2, 3 என்பவை கோர் 1, இப்படியே போகும். ஏபிக் ஐடி 4 என்றால் விழுந்தது கோர் 2. ஆறு கோரில் எது சொதப்புகிறது என்று விண்டோஸே விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது, நாம்தான் திறந்து பார்ப்பதில்லை.

'பஸ்/இன்டர்கனெக்ட் எரர்' என்று இருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் கோர் வோல்டேஜ் சம்பந்தப்பட்டதில்லை, ஃபேப்ரிக் வேகம் சம்பந்தப்பட்டது. ரைசன் 5000இல் ஃபேப்ரிக்கை 1900ஐத் தாண்டி ஓட்டினால் பல சிப்களில் கம்ப்யூட்டர் விழாமலே 19ஆம் எண் பதிவு மழையாகக் கொட்டும். விழவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஃபேப்ரிக்கை இறக்குங்கள்.

முழு பாரத்தில் விழுந்தால்

இதுதான் பழைய, நேரான வகை. பயாஸில் எல்லா கோருக்கும் ஒரே வேகம், ஒரே வோல்டேஜ் என்று நிலையாக வைத்திருப்பவர்களுக்கு வருவது. இன்டெல் ஐ7-8700கேயை 5.0 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டுவது மாதிரி.

வேகம் அளக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடியதால் நிலையானது என்று சொல்லாதீர்கள், அது வாசற்படி மட்டும்தான். பிராசசரைக் கணக்குகளால் பிழியும் பிரைம்95இல் ஸ்மால் எஃப்எஃப்டி தேர்ந்தெடுத்து, பக்கத்திலேயே சூடு, வோல்டேஜ், வேகம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பிராசசர் கணக்கில் தவறினால் அந்த வொர்க்கரின் (சோதனையின் தனித்தனித் துண்டு) ஜன்னலில் ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4க்குக் கீழே இருந்திருக்க வேண்டும் என்ற பொருளில் 'ஃபேட்டல் எரர்' வரி ஒன்று வந்து, அந்த வொர்க்கர் மட்டும் நின்றுவிடும். மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் சாதாரணமாகவே இருக்கும். இப்படி ஒரு மணி நேரம் கழித்து ஒரு வொர்க்கர் மட்டும் நின்றால் நீங்கள் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், 0.01, 0.02 வோல்ட் ஏற்றினாலோ 50, 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கினாலோ போதும். ஆரம்பித்த சில நொடியிலேயே மொத்தமும் விழுந்தால் விளிம்பை எப்போதோ தாண்டிவிட்டீர்கள், அப்போது சின்னச் சின்னதாக ஏற்றிப் பயனில்லை. மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) இறக்குங்கள்.

எவ்வளவு வரை ஏற்றலாம்? ரைசன் 5000இல் எல்லா கோரையும் நிலையான வோல்டேஜில் ஓட்டுவதாக இருந்தால் 1.25 சுற்றி நின்றுகொள்வது, 1.3ஐத் தாண்டாமல் இருப்பது என்று பெரும்பாலான அனுபவசாலிகள் சொல்வார்கள், நானும் அதே கட்சி. ஸ்டாக்கில் ஒரு கோர் மட்டும் பூஸ்ட் ஆகும்போது 1.45, 1.5 வரை காட்டுவதைப் பார்த்துவிட்டு "கம்பெனியே 1.5 கொடுக்கிறதே" என்று நிலையாக 1.4 போடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு கோருக்கு, லேசான வேலைக்கு, கரண்ட் குறைவாக ஓடும்போது கொடுப்பது. ஆறு கோரும் முழுசாக இழுக்கும்போது அதே வோல்டேஜ் சிப்பைத் தின்றுவிடும்.

வோல்டேஜைத் தொடுவதற்கு முன் லோட்லைன் காலிபரேஷன் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பயாஸில் 1.30 என்று கொடுத்திருப்பீர்கள், முழு பாரம் வந்ததும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 1.22 என்று காட்டும். அது கோளாறில்லை, பாரத்தில் வோல்டேஜ் இறங்குவது வடிவமைப்பிலேயே இருப்பது. எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத்தான் இந்த செட்டிங் தீர்மானிக்கிறது. நடுவாந்திர நிலையில் வையுங்கள். உச்ச நிலையில் வைத்தால் பாரம் சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் மேலே எகிறும், அந்த எகிறலை மென்பொருள் காட்டாது. இன்னொரு தொல்லை, மதர்போர்டு கம்பெனிக்குக் கம்பெனி எண் தலைகீழ். ஆசுஸில் எண் ஏற ஏற வலுவானது. எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் 1தான் ரொம்ப வலுவானது. யாரோ "லெவல் 1 போடு" என்று சொன்னதைப் போர்டு பார்க்காமல் போடாதீர்கள்.

இன்டெல்லில் இன்னும் இரண்டு. பிரைம்95இல் மட்டும் விழுகிறது, மற்ற எல்லாம் ஓடுகிறது என்றால் ஏவிஎக்ஸ் (பிராசசரை அதிகம் சூடாக்கும் கணக்கு வகை) ஆஃப்செட் 2 கொடுத்துப் பாருங்கள்; 50 மல்டிப்ளையர், அந்த வகைக் கணக்கு வரும்போது மட்டும் 48க்கு இறங்கிக்கொள்ளும். கோரோடு சேர்த்து கேஷ் ரேஷியோவையும் (பிராசசருக்குள் இருக்கும் சின்ன நினைவகத்தின் வேகம்) ஏற்றியிருந்தால் அதை மூன்று படி கீழே இறக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். கோர் நன்றாக இருந்தும் கேஷ் காலை வாருவது அடிக்கடி நடக்கும்.

சும்மா இருக்கும்போது விழுந்தால்

நிறையப் பேரைக் குழப்புவது இதுதான். பிரைம்95 இரவு முழுக்க ஓடியிருக்கும், கேம் மணிக்கணக்கில் ஆடியிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. காலையில் பிரவுசரைத் திறந்து செய்தி படிக்கும்போது ரீஸ்டார்ட். அல்லது திரை அணைந்திருக்கும்போது தானாக. "முழு பாரத்தையே தாங்கியது, இது எப்படி விழும்" என்று கேட்பார்கள்.

பிபிஓவும் (ரைசனின் மின் எல்லைகளைத் தளர்த்தி பூஸ்ட்டை ஏற்றும் வசதி) கர்வ் ஆப்டிமைசரும் (ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் புள்ளிக் கணக்கில் குறைக்கும் வசதி) போட்டிருந்தால் விழத்தான் செய்யும். எல்லா கோரும் வேலை செய்யும்போது மின் எல்லை தடுப்பதால் ஒவ்வொரு கோரும் உச்ச பூஸ்ட்டைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு, குறைத்த வோல்டேஜும் தாராளம். லேசான வேலை வரும்போது ஒரே ஒரு கோர் மட்டும், டப்பாவில் போட்ட 4.6ஐயும் கொஞ்சம் தாண்டி 4.65க்கு, நீங்கள் பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகக் கொடுத்திருந்தால் 4.85க்குத் தாவும். அந்த உயரத்தில்தான் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் தேவைப்படும், நீங்களோ எல்லா கோருக்கும் மைனஸ் 20, மைனஸ் 30 என்று கழித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் என்றால் மைனஸ் 30 என்பது 0.1 வோல்ட்டைத் தொடும். மல்டிகோர் சோதனை எத்தனை நாள் ஓட்டினாலும் இந்த இடத்தைத் தொடவே தொடாது.

கோர்சைக்ளர் என்று ஒரு இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரைம்95ஐ ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும், ஒற்றை த்ரெட்டில், ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றி ஓட்டும். ஒரு கோர் மட்டும் வேலை செய்வதால் அது உச்ச பூஸ்டில் நிற்கும், அப்போதுதான் உண்மை வெளியே வரும். எல்லா கோரும் மைனஸ் 20இல் ஆரம்பித்தீர்கள், கோர் 2இல் எரர் வந்தது என்று வையுங்கள். கோர் 2ஐ மட்டும் மைனஸ் 15 ஆக்குங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள், மறுபடி ஓட்டுங்கள். மறுபடி அதே கோரா? மைனஸ் 10. ரைசன் மாஸ்டரில் நட்சத்திரம் போட்டிருக்கும் 'சிறந்த' கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் விழும். ஆச்சரியமில்லை, அவற்றைத்தான் விண்டோஸ் ஒற்றை வேலைக்கு முதலில் கூப்பிடுகிறது, அவற்றுக்கு ஆரம்பத்திலேயே குறைந்த வோல்டேஜ்தான் எழுதியிருக்கும், கழிக்க மிச்சம் இல்லை. ஒரு கோர் மைனஸ் 5இலும் இன்னொன்று மைனஸ் 28இலும் நின்றால் அது சாதாரணம். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் நிறுத்த வேண்டும் என்ற அழகுணர்ச்சியை விட்டுவிடுங்கள்.

ஓவர்ரைடு 200ஐ 50க்கோ 0க்கோ இறக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் அந்த 200ஆல் கிடைப்பது ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு அழகான எண், அவ்வளவுதான்.

எல்லாம் சரி செய்தும் சும்மா இருக்கும்போது மட்டும் உறைகிறது என்றால் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' தேடி 'டிப்பிக்கல் கரென்ட் ஐடில்' என்று மாற்றிப் பாருங்கள். பிராசசர் ரொம்பக் குறைவாக இழுக்கும்போது சில பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

விழாமலே ஏமாற்றும் வகையும் உண்டு. வோல்டேஜ் போதாதபோது ரைசன் சில சமயம் கிளாக்கை உள்ளுக்குள் இழுத்து நீட்டிச் சமாளிக்கும், வெளியே 4.7 என்றே காட்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியை முழு பாரத்தில் பாருங்கள். காட்டும் வேகத்துக்கும் அதற்கும் நூறு மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இடைவெளி இருந்து, சினிபெஞ்ச் மதிப்பெண்ணும் ஸ்டாக்கைவிடக் குறைந்திருந்தால் உங்கள் ஓவர்கிளாக் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சூடு

டிசம்பரில் டியூன் செய்தது மே மாதம் விழும். அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட பத்து டிகிரி ஏறும், சூடான சிலிக்கானுக்கு அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் வேண்டும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறையில் ஓடும் கம்ப்யூட்டருக்கு, ஏசி அறையில் எடுத்த வெளிநாட்டு விமர்சன எண்களைப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. 5600எக்ஸின் எல்லை 95 டிகிரி. சோதனையில் 85க்குக் கீழே நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டால் கோடைக்கு இடம் இருக்கும்.

பிபிஓவில் மதர்போர்டு லிமிட் என்று கொடுத்துவிட்டு டப்பாவோடு வந்த கூலரையே வைத்திருப்பவர்கள், ஸ்டாக் எல்லையான பிபிடி (மொத்த மின்சக்தி) 76 வாட், டிடிசி (தொடர்ந்து ஓடும் கரண்ட்) 60, இடிசி (நொடிநேர உச்ச கரண்ட்) 90 ஆம்பியரிலிருந்து கொஞ்சம் மட்டும் மேலே, கையால் எண் கொடுத்துப் பாருங்கள். கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் விழுவது நிற்கிறதா? அப்படியானால் வேலை பயாஸில் இல்லை, ஃபேனில் இருக்கிறது. விலை குறைந்த போர்டுகளில் விஆர்எம் (பிராசசருக்கு வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி) மேல் ஹீட்சிங்கே இருக்காது. பிராசசர் 75 டிகிரியில் நிம்மதியாக இருக்கும்போது விஆர்எம் கொதித்து, வேகம் திடீரென்று 1 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் கழித்து ஏறும். அந்தப் போர்டில் ஓவர்கிளாக் வேண்டாம்.

சோதனைக்கு முன் சில ஏற்பாடுகள்

முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். நிலையில்லாத பிராசசர் விழுவதோடு நிற்பதில்லை, தவறான தகவலை டிஸ்க்கில் எழுதவும் செய்யும். விண்டோஸ் அப்டேட் நிலையில்லாத நிலையில் ஓடினால் சிஸ்டம் ஃபைல்களே கெட்டு, பிறகு ஸ்டாக்குக்குத் திரும்பினாலும் விழுந்துகொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது, அப்புறம் சோதனை. பிசிஎல்கேயை (எல்லா வேகத்துக்கும் அடிப்படையான கிளாக்) 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து நகர்த்தாதீர்கள், பல போர்டுகளில் பிசிஐஇயும் (எஸ்எஸ்டியும் கிராபிக்ஸ் கார்டும் இணையும் பாதை) அதோடு சேர்ந்து நகரும், பிறகு எஸ்எஸ்டி காணாமல் போனது ஏன் என்று தேட வேண்டியிருக்கும்.

திரையே வராமல் போனால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான போர்டுகள் சில முறை முயன்று தானே பழைய நிலைக்கு வந்துவிடும், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் கொடுங்கள். வரவில்லை என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி தொடுங்கள், அல்லது வட்டமான 2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

கடைசியாக, பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் டியூன் செய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். அப்டேட் ஆனதும் சேமித்த புரொஃபைல் அழிந்துபோகலாம், அழியாவிட்டாலும் புதிய பதிப்பு பழைய புரொஃபைலை ஏற்காமல் போகலாம். ஏற்றாலும், நேற்றுவரை தேறிய மைனஸ் 15 புதிய பதிப்பில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படம் எடுத்து வைத்த எண்களைக் கையால் போட்டு, கோர்சைக்ளரை ஒரு இரவு மறுபடி ஓடவிடுங்கள்.